தெருவில் வாந்தி பேதி பரவினால்: முதல் மணி நேரத்திலிருந்து ஐம்பதாவது நாள் வரை

கார்த்திகை மழை ஓய்ந்து, தெருவில் நின்ற தண்ணீர் வடிந்து, சேறு காயத் தொடங்கும்போதுதான் இந்த வேலை ஆரம்பிக்கிறது. கடலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் ஆறு. தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரவனாறு எது கரை மீறினாலும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒரே தண்ணீருக்குள் சில நாள் கிடக்கின்றன. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணைக் கரையோரம் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெருவில் உள்ள இளைஞர்கள், மகளிர் குழுவினர், குடியிருப்போர் சங்கத்தினருக்காக இதை எழுதுகிறேன். வைத்தியம் பார்ப்பது மருத்துவர் வேலை. நோய் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க உதவுவதும், அந்த வழியை அடைக்க வைப்பதும் நம்மால் முடிகிற வேலை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அறிவு போதாமல் அல்ல, வரிசை மாறிப்போவதால்தான். முதல் நோயாளியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்துத் தெரு ஓரமாக வெள்ளைக் கோடு போட ஆரம்பித்துவிடுகிறோம். அது கடைசியில் வர வேண்டிய வேலை, அதுவும் தெருவில் அல்ல.

1. மழைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை

ஐப்பசி பிறப்பதற்குள் இவை ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் இருக்கட்டும்: நூறு பக்க நோட்டு ஒன்று, ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் முப்பது நாற்பது, குளோரின் மாத்திரை, ரப்பர் கையுறை, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி இரண்டு, தண்ணீரில் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப். குளோரோஸ்கோப்பின் சொட்டு மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள்.

பிளீச்சிங் பவுடர் போன வருடத்து மிச்சம் என்றால் நம்பாதீர்கள். காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். புதிதாக இருக்கும்போது சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும். பிரித்த மூட்டையைத் திண்ணையில் வைத்தால் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில் வையுங்கள். தகர டப்பா அரித்துப்போகும்.

இன்னொன்றும் வேண்டும், காசு கொடுத்து வாங்க முடியாதது: உங்கள் தெருவின் குழாய் வரைபடம். குழாய் எந்த வழியாகப் போகிறது, வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்பது பல இடங்களில் தண்ணீர் திறந்துவிடும் ஒருவரின் மனத்தில் மட்டும்தான் இருக்கிறது. மழையில்லாத ஒரு காலையில் அவரோடு நடந்து, டீ வாங்கிக் கொடுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

2. முதலில் உடம்புக்குள் தண்ணீர் போகட்டும்

பேதியில் உயிர் போவது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். அதனால் காரணம் தேடுவதற்கு முன் ஒவ்வொரு நோயாளியின் கையிலும் ஓ.ஆர்.எஸ். இருக்க வேண்டும்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியானதும் 50 முதல் 100 மில்லி. இரண்டிலிருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. பெரியவர்கள் குடிக்க முடிந்த மட்டும். குழந்தை வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கஞ்சி, இட்லி என்று சாப்பாடும் கொடுக்கலாம். 'வயிற்றைக் காயப்போடு' என்ற பழக்கம் குழந்தையை இன்னும் சோர வைக்கிறது.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது. உப்பு கூடினால் அதுவே ஆபத்து. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கரைக்கும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மயக்கமாகக் கிடப்பது, குடிக்க முடியாதது, மலத்தில் ரத்தம், அரிசி கழுவிய தண்ணீர் போலக் கொட்டுகிற பேதி: இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டுப் பாருங்கள். உடனே சமமாகாமல் மெதுவாக இறங்கினால் காத்திருக்கவே வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கான துத்தநாக மாத்திரை கிராம சுகாதார செவிலியரிடம் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றுவிட்டது என்று நடுவில் விட்டுவிடக் கூடாது.

3. நோட்டைத் திறந்து பெயர் எழுதுங்கள்

யாரை எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர் எல்லாரும் பட்டியலில் வரட்டும். இந்த வரையறை இல்லாவிட்டால் ஒருவர் லேசான வயிற்று வலியையும் எழுதுவார், இன்னொருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரை மட்டும் எழுதுவார். பிறகு கணக்கு ஒட்டாது.

ஒருவருக்கு ஒரு வரி: பெயர், வயது, வீடு, முதல் பேதி எந்தத் தேதி எந்த நேரம், வாந்தி, காய்ச்சல், ரத்தம் உண்டா, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து, கடந்த மூன்று நாளில் கல்யாணம், கோயில் அன்னதானம், துக்க வீட்டுச் சாப்பாடு ஏதாவது உண்டா, இப்போது எங்கே இருக்கிறார்.

'தண்ணீர் எங்கிருந்து' என்று கேட்டால் 'பைப்புல இருந்துதான்' என்பார்கள். அது போதாது. வீட்டுக் குழாயா, தெருக்குழாயா, எந்த முனையில், அடிபம்பா, கேனா, லாரியா என்று கேட்டுக் குடத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு வீட்டில் குடிப்பது கேன் தண்ணீர்தான் என்றார்கள். பாத்திரம் கழுவுவதும், குழந்தைக்குப் பால்புட்டி அலம்புவதும் குழாய்த் தண்ணீர். நோய் வந்தது அந்தக் குழந்தைக்கு மட்டும்தான்.

இந்த நோட்டைப் படம் எடுத்து வாட்சப் குழுவில் போடாதீர்கள். ஒருவர் பெயர் வெளியே போனால் அடுத்த பத்து வீடு நோயை மறைக்கும். பள்ளத்தில் இருக்கும் குடியிருப்பில்தான் பெரும்பாலும் முதல் நோயாளி இருப்பார், தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. 'அவங்களால வந்தது' என்று யாராவது பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். அவர்கள் பரப்பியவர்கள் அல்ல, முதலில் அடிபட்டவர்கள்.

4. அன்று மாலையே தகவல் சொல்லுங்கள்

உறுதியான பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பதில் இரண்டு நாள் போய்விடுகிறது. ஒரே தெருவில், ஒரே வாரத்தில், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேதி என்றாலே சொல்லலாம். கடுமையான நீர்ப்பேதி பெரியவர் ஒருவருக்கு வந்தாலே சொல்ல வேண்டும், அது காலராவாக இருக்கலாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது.

கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அப்புறம் ஊராட்சியோ மாநகராட்சியோ, குடிநீர் யார் கையில் இருக்கிறதோ அவர்கள். யாரும் கிடைக்காவிட்டால் சுகாதார உதவி எண் 104. 'ஊரே படுத்துக் கிடக்கு' என்று சொல்லாதீர்கள். 'இன்ன தெருவில் இத்தனை பேர், முதல் ஆளுக்கு இன்ன தேதி, ஐந்து வயதுக்குள் இத்தனை பேர், ஆஸ்பத்திரியில் இத்தனை பேர், இன்ன குழாய்த் தண்ணீர்' என்று சொல்லுங்கள். எண்ணோடு சொன்னால் அவர்களும் அதே எண்ணோடு மேலே அனுப்ப முடியும்.

5. நன்றாக இருப்பவர்களையும் கேளுங்கள்

பெரும்பாலானோர் தவறவிடும் படி இது என்றே சொல்வேன், ஆனால் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. நோயாளிகளை மட்டும் கேட்டால் எல்லாரும் அந்தக் குழாயில் குடித்தோம் என்பார்கள். நோய் வராதவர்களும் அதையே குடித்திருந்தால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், இது விளக்கத்துக்கான எண். தெருவில் 160 பேர். கிழக்கு முனைக் குழாயில் குடிப்பவர்கள் 90, அதில் 18 பேருக்கு நோய், அதாவது நூற்றுக்கு 20. போர் தண்ணீர் குடிப்பவர்கள் 70, அதில் 2 பேர், நூற்றுக்கு 3. சந்தேகம் எங்கே போகிறது என்று தெரிகிறது. அப்புறம் அந்த இரண்டு பேரைத் தேடிப் போங்கள். கிழக்கு முனை வீட்டில் டியூஷன் படிக்கிற பிள்ளைகள் என்று தெரியவந்தால் முடிச்சு இறுகிவிட்டது.

கெடிலக் கரையை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டில் எல்லாரும் படுத்திருக்க, ஓர் ஆயா மட்டும் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு இருந்தார். 'உங்களுக்கு ஒண்ணும் இல்லையா ஆயா?' என்றேன். 'எனக்கு என்னப்பா, நான் வெந்நீர் தவிர வேற குடிக்கமாட்டேன். இவங்களுக்குத்தான் சொன்னா ஏறாது' என்றார். ஒரே சோறு, ஒரே குழம்பு, ஒரே வீடு, வேறு வேறு தண்ணீர். அந்த ஒரு வரியால் சாப்பாட்டின் மேல் இருந்த சந்தேகம் எங்களுக்குப் போய்விட்டது.

6. தேதிகளைக் கட்டமாக்குங்கள்

கட்டம் போட்ட தாளில் கீழே தேதி எழுதி, ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம் வீதம் மேலே அடுக்குங்கள். ஒரே நாளில் கோபுரம் போல எழும்பி இறங்கினால் எல்லாரும் ஒரு தடவை ஒரே இடத்தில் சாப்பிட்டதோ குடித்ததோ காரணமாக இருக்கலாம். நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் கசிவு இன்னும் திறந்தே இருக்கிறது.

நேரமும் பேசும். விருந்து முடிந்து ஆறு மணி நேரத்துக்குள் எல்லாரும் வாந்தி எடுத்தால் அது உணவில் ஊறிய நஞ்சாக இருக்கலாம். காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். டைபாய்டு வர ஒன்றிரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம், மஞ்சள் காமாலைக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதனால் காமாலை நோயாளியிடம் 'நேற்று என்ன குடித்தீர்கள்' என்று கேட்டுப் பயனில்லை, மழை நாளுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

7. குளோரின் போடுவதற்கு முன் மாதிரி எடுங்கள்

இங்கேதான் நான் முதல் தடவை தவறு செய்தேன். பதற்றத்தில் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கச் சொல்லிவிட்டு, மறுநாள்தான் மாதிரி எடுத்தோம். தண்ணீர் சுத்தம் என்று முடிவு வந்தது. அதை நம்பிக் குழாயை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடை, ஐஸ் வண்டி என்று ஒரு வாரம் அலைந்தோம். குளோரின் தீர்ந்ததும் பேதி மறுபடி வந்தது. அந்த வாரத்தில் நோய் வந்த பிள்ளைகளின் பெயர் இன்றும் அந்த நோட்டில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை நான் மறக்கவில்லை.

தண்ணீர் மாதிரிக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலிருந்தே வாங்குங்கள். குளோரின் கலந்த தண்ணீருக்கான பாட்டிலில் ஒரு மருந்து இருக்கும், அதைக் கழுவிவிடக் கூடாது. வாய்ப்பகுதியை விரல் தொடக் கூடாது. மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது. தொட்டியில் ஒன்று, சந்தேகக் குழாயில் ஒன்று, நோய் இல்லாத பக்கம் ஒன்று. தொட்டி நன்றாக இருந்து குழாய் கெட்டிருந்தால் கோளாறு இரண்டுக்கும் நடுவில்.

சந்தேகக் குழாயில், தண்ணீர் திறந்த முதல் நிமிடத்திலேயே ஒரு மாதிரி தனியாக எடுத்து அப்படியே எழுதி வையுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

மல மாதிரியைச் சுகாதாரப் பணியாளர் எடுப்பார். ஆன்டிபயாடிக் தொடங்காத நோயாளி யார் என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போனபின் கிருமி வளர்ப்பில் சிக்காது. ஆனால் மோசமாக இருப்பவருக்கு மாதிரிக்காக மருந்தைத் தள்ளிப்போடவே கூடாது.

8. தண்ணீர் வரும் நேரத்தில் குழாய் வழியே நடங்கள்

நம் ஊரில் குழாயில் நாள் முழுதும் தண்ணீர் ஓடுவதில்லை. காலையில் ஒரு மணி நேரம் வரும், நிற்கும். நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, வெளியே தேங்கி நிற்கும் சாக்கடையை விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அடுத்த நாள் திறந்ததும் முதலில் வருவது அதுதான். கலங்கலாக, வாடையோடு வரும் அந்த முதல் குடத்தைப் பலரும் 'வீணாக்க வேண்டாம்' என்று பிடித்து வைக்கிறார்கள்.

முதல் நடை, தண்ணீர் வரும் போது. காய்ந்த மண்ணில் ஈரம் ஊறுகிறதா, சாக்கடைக்குள் கொப்பளிக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புகள் சாக்கடையைக் குறுக்கே தாண்டும் இடத்தில்தான் பெரும்பாலும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும். வால்வுக் குழிக்குள் எட்டிப் பாருங்கள், வால்வு சாக்கடைத் தண்ணீரில் முழுகியிருக்கும்.

இரண்டாம் நடை, தண்ணீர் நின்ற பிறகு. அழுத்தம் போதாமல் தரைக்குக் கீழே பள்ளம் தோண்டிக் குழாய் வைத்திருக்கும் வீடுகள், மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் எவை என்று குறியுங்கள். பள்ளத்தில் அழுக்குத் தண்ணீர் நின்றால் திறந்த குழாய் வழியே அது தெருவுக்கே போகிறது. மோட்டார் வெற்றிடத்தை உண்டாக்கிச் சாக்கடையை இழுக்கிறது. இதைச் சண்டையாகப் பேசாதீர்கள். 'உங்க பேரப்பிள்ளையும் இதைத்தானே குடிக்குது' என்று சொன்னால் கேட்கிறார்கள்.

9. குழாயை அடைத்துவிட்டு, மாற்றுத் தண்ணீர் கேளுங்கள்

சந்தேகக் குழாயின் வால்வை மூடச் சொல்வதும், லாரித் தண்ணீர் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மூடிவிட்டு மாற்று வராவிட்டால், இரவில் யாராவது திறந்துவிடுவார்கள். லாரி வந்ததும் முதல் வேலையாக அந்தத் தண்ணீரையும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள்.

அதுவரை காய்ச்சிய தண்ணீர். நன்றாகக் கொதித்துக் குமிழி விட்டபின் ஒரு நிமிடம் போதும். கலங்கலாக இருந்தால் படிகாரமோ தேத்தாங்கொட்டையோ கொண்டு தெளிய வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். தெளிந்த தண்ணீர் கிருமி போன தண்ணீர் அல்ல, தெளிய வைத்ததோடு நிறுத்தக் கூடாது.

10. இப்போது குளோரின்

சுத்தம் செய்த தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 முதல் 5 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரில் தொடங்குங்கள். பவுடரை நேராகக் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் அடுத்த வாளிக்கு மாற்றித் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அடிமண்டியும் போனால் தண்ணீர் கடினமாகும், ருசி கெடும், மக்கள் குடிக்க மாட்டார்கள்.

அரை மணி நேரம் கழித்து, தெருவின் கடைசிக் குழாயில் சோதனை. கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டதும் மஞ்சள் படரும், உடனே நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். நேரம் கழித்துப் பார்த்தால் நிறம் கூடித் தெரியும். சாதாரண நாளில் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், நோய் பரவும் நாளில் 0.5. குறைந்தால் மருந்தைக் கூட்டுங்கள். தொட்டியில் குளோரின் இருந்தும் கடைசிக் குழாயில் காணாமல் போனால், நடுவில் அழுக்கு அதைத் தின்றுகொண்டிருக்கிறது, கசிவை மறுபடி தேடுங்கள். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், அதைக் குடிக்கக் கூடாது.

உறைக்கிணற்றுக்குக் கணக்கு இது: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர், அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். 1 மீட்டர் அகலம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் 2355 லிட்டர், 12 கிராம் பவுடர் போதும். ஒரு கிலோ பொட்டலத்தை அப்படியே கவிழ்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளம் உள்ளே இறங்கிய கிணறு என்றால் இந்த அளவு பத்தாது. இறைத்து, உறையைத் தேய்த்துக் கழுவி, சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவு போட்டு, மறுநாள் மறுபடி இறைத்துவிட வேண்டும்.

தெரு ஓரத்தில் தூவுவது பற்றி: வெயிலும் மண்ணும் அந்தக் குளோரினைத் தின்றுவிடும். கிருமி வாய் வழியாகத்தான் போகிறது. அந்தப் பவுடரைத் தொட்டிக்கு வையுங்கள்.

11. நோயாளி இருக்கும் வீட்டில்

வாந்தி, மலம் பட்ட தரைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 16 கிராம் பவுடர். ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, வரும் வாயு மூச்சை அடைத்துவிடும். குழந்தையின் மலத்தைச் சாக்கடையில் போடாமல் கழிப்பறையில் போடச் சொல்லுங்கள். குடத்துக்குள் டம்ளரோடு கையை விடுவது நிற்கட்டும், நீண்ட கைப்பிடி உள்ள சொம்பு போதும். சோப்புப் போட்டுக் கை கழுவுவது, முக்கியமாகச் சமைப்பவர். பேதி இருப்பவர் சமைக்க வேண்டாம்.

12. நோட்டை மூடும் நாள்

புது நோயாளி இல்லாத நாளை எண்ணத் தொடங்குங்கள். காலரா என்றால் கடைசி நோயாளிக்குப் பிறகு பத்து நாள் யாருக்கும் வரக் கூடாது. ஆனால் நோட்டை அன்றைக்கு மூடாதீர்கள். அதே சாக்கடைத் தண்ணீரில் டைபாய்டும் காமாலையும் வந்திருக்கலாம், அவை மெதுவாகத்தான் தலைகாட்டும். காமாலைக்குப் பெரும்பாலும் 15 முதல் 50 நாள் வரை ஆகலாம். கார்த்திகைக் கடைசியில் குடித்த தண்ணீருக்குப் பொங்கல் நாட்களில் கண் மஞ்சளாகும்.

அதுவரை வாரம் ஒருமுறை அதே வீடுகளுக்குப் போய், விடாத காய்ச்சல், பசியின்மை, மஞ்சள் சிறுநீர் உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சில வகைக் காமாலை கர்ப்பிணியின் உயிருக்கே ஆபத்து. கடைசிக் குழாயின் குளோரின் அளவை, தேதி போட்டு, அந்த ஐம்பது நாளும் அதே நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வாருங்கள்.